நடுப்பகுதி அளக்கப்படவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேப்ளர் பின் தேடப் போய்த்தான் இந்தக் கதை கிடைத்தது. தங்கள் கதை எப்படிப் பிறந்தது என்று எழுத்தாளர்கள் சொல்லும்போது மழை வரும், ரயில் ஜன்னல் வரும், தூரத்தில் யாராவது பாடுவார்கள். எனக்கு வந்தது அலுவலக மேசையின் மூன்றாவது இழுப்பறை. அதன் அடியில், பழைய நாள்காட்டிக்கும் காலாவதியான இருமல் மாத்திரைக்கும் நடுவே, நான்காக மடித்த ஒரு தாள். என் அண்ணியின் கையெழுத்து. அதில் ஒரு பத்தியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. கோடு என்னுடையது.

அந்தத் தாள் அங்கே இருப்பதை நான் முற்றிலும் மறந்தே

[இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. நான் மறக்கவில்லை. ஆறு வருடமாக அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஸ்டேப்ளர் பின் இரண்டாவது இழுப்பறையில் இருப்பதும் தெரியும்.]

2

தொடக்கம் ஒன்று: 'மீகடத்தி என்பது மின்தடை சிறிதுமின்றி மின்னோட்டத்தைச் சுமந்து செல்லும் அதிசயப் பொருள், மனிதகுலத்தின் நாளைய விடியலுக்கு' போதும். இதை நான் பதினொரு ஆண்டறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். மனிதகுலம் இன்னும் படித்ததாகத் தெரியவில்லை.

தொடக்கம் இரண்டு: 'அவளுடைய விரல்கள் உறைபனியோடு உரையாடின.' அண்ணி இதைப் படித்தால் என்ன சொல்வார் என்று தெரியும். அது பனி இல்லை, திரவ நைட்ரஜன். அதோடு உரையாடப் போன விரல் திரும்பி வராது.

தொடக்கம் மூன்று, வேறு வழியில்லாமல்:

என் அண்ணி ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அளவு எடுப்பவராக இருந்தார். மீகடத்தி நாடாக்கள் எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று அளப்பது அவர் வேலை. அண்ணன் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஆக, எவ்வளவு தாங்கும் என்று கேட்டே பிழைத்த குடும்பம் அது. அந்த நிலையத்தில் அறிக்கைகளின் மொழியைச் சரிபார்க்க ஆள் தேவை என்றபோது, 'எங்க வீட்டுல ஒருத்தர் கதையெல்லாம் எழுதுவார்' என்று என்னைச் சொல்லி உள்ளே சேர்த்துவிட்டதும் அண்ணிதான். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் சொன்னால் நன்றியுள்ளவன் வேடம் போடுவதுபோல் ஆகிவிடும்.

நாடா என்றால் சுண்டுவிரல் நகத்தில் பாதி அகலம். தாள் போல மெலிந்தது. பார்வைக்குச் செம்பு. உள்ளே, தலைமுடியில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமனுக்கு ஒரு கருப்புப் படலம் இருக்கும். மின்னோட்டத்தைச் சுமப்பது அது மட்டும்தான், மற்றதெல்லாம் உறை. நம் நிலையமும் இதே அமைப்புதான் என்று அண்ணி ஒருமுறை சொன்னார். யார் படலம், யார் உறை என்று நான் கேட்கவில்லை. நான் எதில் சேர்த்தி என்று தெரிந்துகொள்ள விருப்பமில்லை.

தெர்மாகோல் தொட்டியில் ஒரு சாண் நாடாவைக் கிடத்தி, திரவ நைட்ரஜன் ஊற்றிவிட்டு, கொதிப்பு அடங்கும்வரை பேசாமல் காத்திருப்பார். நாடாவின் இரு நுனியிலும் மின்னோட்டம் செலுத்தத் தடித்த கம்பிகள். இடையில் மயிரிழை போன்ற இரண்டு கம்பிகள். அவை மின்னழுத்தத்தை வேவு பார்ப்பவை. பிறகு திருகைத் திருப்பி மின்னோட்டத்தை ஏற்றுவார். இடக்கையால். அண்ணி இடக்கைக்காரர். திருகு வலப்பக்கம் இருக்கிறதே என்று, கருவியையே திருப்பிப் போட்டுக்கொண்டவர். பத்து ஆம்பியர், ஐம்பது, தொண்ணூறு. மின்னழுத்தம் பூஜ்ஜியத்தில் படுத்தே கிடக்கும். நூறு. நூற்றைந்து. அப்போது கடைசி இலக்கம் மட்டும் லேசாகப் புரண்டு படுக்கும். சென்டிமீட்டருக்கு, ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகக் கூறுபோட்டால் அதில் ஒரு கூறு. அங்கே நிறுத்தி எண்ணைக் குறிக்க வேண்டும். அதுதான் அந்த நாடா தாங்கும் அளவு.

இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தால் என்ன என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"ஏத்தலாம். அப்புறம் அளக்கறதுக்கு நாடா இருக்காது," என்றார். "முதல்ல லேசா முனகும் பாரு, அங்கயே கைய எடுத்துடணும் தம்பி. கத்தற வரைக்கும் காத்துட்டிருக்கக் கூடாது."

[அவர் இவ்வளவு கச்சிதமாகச் சொன்னாரா என்று சந்தேகமாக இருக்கிறது. நான் மெருகேற்றியிருக்கலாம். மெருகேற்றுவது என் தொழில். இந்தக் கதையில் நடக்கப்போகும் கெடுதல் எல்லாம் அதனால் வந்ததுதான்.]

3

இப்போது இயக்குநரைக் கொண்டுவர வேண்டும். அங்கேதான் சிக்கல். உள்ளது உள்ளபடி எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். குறைத்து எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார். நிலையத்தில் அவருக்குப் பெயர் பூஜ்ஜியம். கெட்ட எண்ணத்தில் வைத்ததில்லை. எந்த மேடை ஏறினாலும், 'மின்தடை எவ்வளவு?' என்று கூட்டத்தைக் கேட்டு, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாக்கித் தலைக்கு மேல் தூக்கி, 'பூஜ்ஜியம்!' என்பார். அளக்கும் அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவே இருந்த சுவரை இடித்துக் கண்ணாடி வைத்தவர் அவர்தான். வருகிறவர்கள் அறிவியல் நடப்பதைப் பார்க்க வேண்டுமாம். அன்றிலிருந்து அண்ணி மூக்கைச் சொறிவதுகூட அறிவியலாகிவிட்டது.

இயக்குநருக்கு ஓர் ஊஞ்சல் ஆசை வந்தது. நூறு மீட்டர் நாடாவைச் சுருளாகச் சுற்றி, மேலே குளிர்க்கலனில் வைக்க வேண்டும். அது ஓர் இரும்புத் தகட்டைக் கவ்விப் பிடிக்கும். தகட்டிலிருந்து ஊஞ்சல் தொங்கும். ஊஞ்சலில் அவர் உட்கார்ந்து ஆடியபடியே உரையாற்றுவார். சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்துவார். இதுதான் ஆண்டு விழாவின் உச்சம்.

நாடா வந்தது. அதை அளக்க வேண்டியது அண்ணி. முழு நீளத்தையும் ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடவிட்டு இடம் இடமாக அளக்கும் எந்திரம் ஒன்று நிலையத்தில் இருந்தது. ஏழு மாதமாகப் பெட்டிக்குள் இருந்தது. பிரிக்கக் கூடாது; அதைத் திறந்துவைக்கும் தகுதியுள்ள விருந்தினர் இன்னும் அகப்படவில்லை. ஆகவே வழக்கம்போல, நாடாவின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சாண் வெட்டி அளந்தார்கள். ஒரு முனை 112 ஆம்பியர், மறுமுனை 109. குறைந்ததை எடுத்து முழு நாடாவுக்கும் சூட்டுவது வழக்கம். ஊஞ்சலுக்குத் தேவை 55 தான். "பாதிதானேம்மா கேக்கறோம்," என்றார் இயக்குநர்.

ஆனால் நாடாவைச் சுருளுக்கு மாற்றும்போது அண்ணி நகத்தை அதன்மேல் வைத்தபடியே ஓடவிட்டிருக்கிறார். ஓர் இடத்தில் நகம் தடுக்கியது. எங்கோ, யாரோ கை தவறி மடித்து நீவிவிட்ட தடம். அறிக்கைக்கான தாளில் எண்களுக்குக் கீழே அவர் எழுதினார்:

'இரு முனைகள் மட்டுமே அளக்கப்பட்டன. நடுப்பகுதி அளக்கப்படவில்லை. 61ஆவது மீட்டரில் மடிப்புத் தடம் உள்ளது.'

தாள் என்னிடம் வந்தது. அறிக்கை நடை குறித்து இயக்குநர் எனக்கு இரண்டு விதிகள் தந்திருந்தார். ஒன்று, எந்தப் பக்கத்திலும் 'இல்லை' என்ற சொல் வரக் கூடாது. இரண்டு, எல்லாப் பக்கத்திலும் 'உலகத்தரம்' வர வேண்டும். விதி இருந்தது என்பது சாக்கு. உள்ளதைச் சொன்னால், அந்த மூன்று வாக்கியங்களும் என் காதுக்குப் பிடிக்கவில்லை. ஓடிவந்த நடை அங்கே கல் தடுக்கி நின்றது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'நாடா முழுவதும் 109 ஆம்பியர் தாங்கும் உலகத்தரம் வாய்ந்தது எனக் கண்டறியப்பட்டது' என்று எழுதினேன். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாக ஓடியது.

* மூலத்தாள்களைத் தட்டச்சானதும் கிழித்துவிடுவது நிலையத்தின் வழக்கம். இதை மட்டும் நான் கிழிக்காததற்குக் காரணம் மனசாட்சி அன்று. தாளின் பின்பக்கத்தில் அன்று மதியம் எனக்குத் தோன்றிய ஒரு கதையின் முதல் வரியைக் குறித்திருந்தேன்: 'அவள் சிரித்தபோது நகரமே ஒரு கணம் நின்று நிதானித்தது.' அதை இழக்க மனம் வரவில்லை. அந்தக் கதையை நான் எழுதவே இல்லை.

4

விழா. இதை நகைச்சுவையாக எழுதுவதா, சோகமாகவா என்று மூன்று நாள் யோசித்தேன். நடந்தது இரண்டுக்கும் பொருந்தாத வேகத்தில் நடந்தது.

இயக்குநர் ஊஞ்சலில் ஏறினார். விருந்தினர் பொத்தானை அழுத்தினார். தகட்டைச் சுருள் கவ்விக்கொண்டது; தாங்குகட்டையை எடுத்தார்கள். இயக்குநரின் கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பின. கைதட்டல். நாலு நிமிடம் பேசினார். ஐந்தாவது நிமிடம், "மின்தடை எவ்வளவு?" என்று கேட்டு விரல்களை வளையமாக்கிக் கையை உயர்த்தினார். மேலே கலனிலிருந்து வெண்புகை குபுகுபுவென்று வந்தது. இதுவும் நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்து மறுபடி கைதட்டினார்கள். கைதட்டாதவர் ஒருவர்தான். கடைசி வரிசையில் அண்ணி எழுந்து நின்றுவிட்டார். மடிப்புத் தடம் அப்போது வெந்துகொண்டிருந்தது. பூஜ்ஜியம் என்ற சொல் வாயில் இருக்கும்போதே இயக்குநர் தரைக்கு வந்தார்.

அடி பெரிதில்லை. இரண்டு வாரம் தலையணை போட்டு உட்கார்ந்தார். ஆனால் ஒருவர் அவ்வளவு பேர் முன்னால் பொத்தென்று உட்கார்ந்துவிட்டால், யாரோ ஒருவர் தவறு செய்திருந்தே ஆக வேண்டும்.

5

விசாரணைக் குழுவில் மூன்று பேர். கருகிய நாடாவும் அச்சிட்ட அறிக்கையும் மேசைமேல் இருந்தன. நடுப்பகுதியை அளக்கவில்லை என்று எழுதிக் கொடுத்ததாக அண்ணி சொன்னார். அவருடைய நோட்டைப் புரட்டினார்கள். அதில் எண்கள் மட்டும்தான். கருத்துகளை நோட்டில் எழுதக் கூடாது என்பது விதி. அந்தத் தாள் யாரிடம் போனது என்று கேட்டிருக்கிறார்கள். மொழி பார்ப்பவரிடம் என்றார். தம் கொழுந்தன் என்று சொல்லவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். அளவு எடுத்தவர் கொடுத்ததில் எதையாவது மாற்றினீர்களா?

"மொழியை மட்டும்தான் பார்த்தேன் சார்."

மூலத்தாள்?

"டைப் ஆனதும் கிழிச்சிடறது வழக்கம் சார்."

[இரண்டு வாக்கியங்களையும் இன்று திரும்பப் பார்க்கிறேன். இலக்கணப் பிழை இல்லை. தனித்தனியாக எடுத்தால் பொய்யும் இல்லை. என் வாழ்நாளில் இவ்வளவு தேர்ந்த நடையில் நான் வேறெதுவும் எழுதவில்லை.]

வெளியே பெஞ்சில் அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் கையுறை ஜோடி. "கிழிச்சிட்டியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். "சரி," என்றார். அவ்வளவுதான்.

'அளவீட்டுப் பிழைக்குப் பொறுப்பானவர்' என்று பணிப்பதிவேட்டில் ஒரு குறிப்பு விழுந்தது. அண்ணியைப் பொருட்கிடங்குக்கு மாற்றினார்கள். கையுறை, ஈயக்கம்பி, நாடாப் பெட்டி எல்லாம் எடுத்துக்கொடுக்கும் சன்னல். அந்த ஆண்டறிக்கைக்குத் 'தடங்கலற்ற தெளிந்த நடை'க்கான கேடயம் கிடைத்தது. என்னை வெளியீட்டுப் பிரிவுத் தலைவராக்கினார்கள். கேடயம் என் மேசைமேல் இருக்கிறது. தாள் அதற்கு நேர் கீழே, மூன்று இழுப்பறை தள்ளி.

6

இப்போது ஏன் எழுதுகிறேன்? கிடங்குச் சன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். அளக்கும் அறைக்கு அனுபவமுள்ள ஆள் தேவை. பணிப்பதிவில் குறைக்குறிப்பு உள்ளவர்கள் விண்ணப்பிக்க முடியாது. குறிப்பை மறுப்பவர்கள் புதிய சான்று இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் கொடுக்கலாம். அண்ணிக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டரை வருடம். அவர் தினமும் அந்தப் பலகையைப் பார்த்தபடியேதான் கையுறை கொடுக்கிறார்.

சான்று என்னிடம் இருக்கிறது. ஒரு தாளை எடுத்து இரண்டு மாடி இறங்கினால் போதும். நான் என்ன செய்தேன்? கதை எழுத உட்கார்ந்தேன். குற்றவுணர்வு உள்ள மற்றவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள், அல்லது குடிப்பார்கள். எழுத்தாளன் மட்டும்தான் அதற்கு எண் போட்டுப் பகுதி பிரிப்பான்.

முடிவுகளும் வைத்திருந்தேன்.

அ. நான் தாளைக் கொடுக்கிறேன். அண்ணி கண்கலங்கி, 'எனக்கு அப்பவே தெரியும் தம்பி' என்கிறார். [அண்ணி கண்கலங்கி நான் பார்த்ததில்லை. என் வசதிக்காக அவரை அழவைக்கிறேன்.]

ஆ. இயக்குநர் மனம் திருந்தி [மேற்கொண்டு எழுத முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.]

இ. நான் கொடுக்கப் போகும்போது இழுப்பறையில் தாள் காணவில்லை. விதி. கரையான். கனத்த மௌனம். [மூன்று நாள் இந்த முடிவின்மேல் மிகுந்த ஆசையாக இருந்தேன்.]

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் அண்ணியை நான் இரண்டு இடத்தில்தான் அளந்திருக்கிறேன். தாளை எழுதிய நாட்கள் ஒரு முனை, இந்த வாரம் மறுமுனை. நடுவில் ஆறு வருடம். ஞாயிறுதோறும் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. போதும் என்று சொல்லும்முன்பே தட்டில் இன்னொரு கரண்டி விழும். அண்ணனுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. கிடங்கு நிழலான இடம், நல்ல மாற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ஒரு நாள்கூட அண்ணி அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த ஆறு வருடத்தில் எங்கே நகம் தடுக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் தடவிப் பார்க்கவில்லை.

7

மேலே உள்ள ஆறு பகுதிகளையும் எழுதி முடித்ததும், நேற்று, பொருட்கிடங்குக்கு எடுத்துப்போனேன். தாளை இல்லை, கதையை.

"என்னது, படிக்கவா? ஆறு வருசமா எனக்குப் படிக்கக் குடுக்காதவன்," என்று வாங்கிக்கொண்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார். இடையில் ஒருவர் கையுறை கேட்டு வந்தார். தலை நிமிராமல் இடக்கையால் எடுத்துக் கொடுத்தார். ஊஞ்சல் வந்த இடத்தில் மட்டும் உதட்டோரம் சிரிப்பு வந்ததுபோல் இருந்தது. பூஜ்ஜியத்தை ரொம்ப நல்லவராகக் காட்டியிருப்பதாகச் சொன்னார். ஐந்தாம் பகுதியில் வேகம் குறைந்தது. ஆறாம் பகுதி முடிந்ததும் தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார்.

"இந்த இழுப்பறையில இருக்குன்னு போட்டிருக்கியே, அந்தத் தாள். நெஜமா இருக்கா, இல்ல கதைக்காகப் போட்டதா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். நடந்தது ஒன்றுதான்.

"கதைக்காகத்தான் அண்ணி."

அவர் காத்திருந்தார். தொட்டியில் கொதிப்பு அடங்குவதற்காக நிற்பாரே, அதே மாதிரி, கையை எதிலும் வைக்காமல். நான் கிடங்கின் அலமாரிகளைப் பார்த்தேன். எல்லாப் பெட்டியிலும் அவர் கையெழுத்தில் அளவு எழுதி ஒட்டியிருந்தது.

பிறகு காதிலிருந்த பேனாவை எடுத்தார். மூன்றாம் பகுதிக்குப் புரட்டி, ஓர் எண்ணைச் சுழித்தார்.

"அறுபத்தொண்ணு இல்ல. அறுபத்தி நாலு."

"இன்னும் ஞாபகம் இருக்கா அண்ணி?"

"நகத்துல இருக்கு." கதையை என்னிடம் நீட்டினார். "கதைன்னாலும் அளவு சரியா இருக்கணும்ல. க்ளவுஸ் வேணுமா உனக்கு? வேணாம்னா தள்ளி நில்லு தம்பி, பின்னால ஆள் நிக்குது."

மேலே வந்து மூன்றாவது இழுப்பறையைத் திறந்தேன். ஆறு வருடத்தில் முதல்முறையாகத் தாளைப் பிரித்தேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழே, அவருடைய இடப்பக்கம் சாய்ந்த எழுத்தில், 64.

8

மூன்றாம் பகுதியில் 61 என்றிருப்பதைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். நான் எப்படி நினைவு வைத்திருக்கிறேன் என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும்.

முடிவு என் கையில் இல்லை என்று எழுதினேன். [அடித்துவிட்டேன். என் கையில்தான் இருக்கிறது. மடித்த இடங்களில் நைந்திருக்கிறது. பின்பக்கத்தில், சிரித்து நகரத்தை நிறுத்திய அந்தப் பெண்ணும் இருக்கிறாள். கொடுத்தால் விசாரணைக் குழு அவளையும் படிக்கும்.]

இன்று புதன்கிழமை. நீங்கள் இதைப் படிக்கும்போது அந்த வெள்ளிக்கிழமை எப்போதோ கழிந்திருக்கும். ஆகவே என்ன நடந்தது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியவரும். ஒன்று மட்டும் என்னால் இப்போதே செய்ய முடிகிறது. அடித்த வரிகளை அடிக்காமல் இங்கே வைக்கிறேன்:

இரு முனைகள் மட்டுமே அளக்கப்பட்டன. நடுப்பகுதி அளக்கப்படவில்லை. 64ஆவது மீட்டரில் மடிப்புத் தடம் உள்ளது.

நடை தடுக்குகிறது. தடுக்கட்டும்.

அளக்கும் அறைக்குக் கண்ணாடிச் சுவர் இருப்பதைச் சொன்னேன். தாழ்வாரத்தில் யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். ஒரு நாள் போய் நில்லுங்கள். தொட்டியில் வெண்புகை அடங்கும்வரை பொறுங்கள். பிறகு, மின்னோட்டத்தை ஏற்றத் திருகை நோக்கி நீளும் கையைப் பாருங்கள். இடக்கை என்றால், நான் இரண்டு மாடி இறங்கியிருக்கிறேன்.

வலக்கை என்றால், நான் கதை மட்டும்தான் எழுதினேன்.